கேமராவுக்குப் பின்னால் நின்ற நண்பரைப் பற்றி எப்படி எழுதுவது?

இருபத்திரண்டு ஆண்டுகள் உங்களோடு பணியாற்றிய ஃபோகஸ் புல்லர், அதாவது படம் ஓடும்போது பிம்பம் மங்காமல் லென்ஸின் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும் கேமரா உதவியாளர், இறந்துவிட்டார், நினைவுக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச வேண்டும், தொழிற்சங்க இதழுக்கு ஒரு கட்டுரையும் தர வேண்டும், அவருடைய வேலை என்னவென்றே தெரியாதவர்கள் முன்னால் அவரை எப்படி நிறுத்துவது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்குள் நடந்த சண்டைகளைச் சொல்லலாமா என்பதும், கையில் இருக்கும் ஒரே நல்ல புகைப்படத்தில் அவர் முகம் பாதி கேமராவுக்குப் பின்னால் மறைந்திருப்பதால் அதை அச்சிடலாமா என்பதும் உங்கள் கேள்வியில் இருக்கின்றன. இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தன் வேலை சரியாக நடந்த ஒவ்வொரு முறையும் கண்ணில் படாமல் போன ஒரு மனிதரை, பொய் கலக்காமல் எப்படிக் கண்ணில் படச் செய்வது?

இதைப் பற்றிப் பேச எனக்கு இருக்கும் தகுதி குறைவானதுதான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒளிப்பதிவில் இருந்திருக்கிறேன். அவற்றில் இருபத்தாறு ஆண்டுகள் ஒரே ஃபோகஸ் புல்லரோடு வேலை செய்தேன். அவர் இறந்தபோது கூட்டத்திலும் பேசினேன், கட்டுரையும் எழுதினேன், இரண்டிலும் தவறு செய்தேன். அந்தத் தவறுகளிலிருந்து கற்றதைத்தான் இங்கே சொல்ல முடியும். துக்கத்தை எப்படித் தாங்குவது என்பதைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், அதில் எனக்கு எந்தத் தேர்ச்சியும் இல்லை.

முதலில் வேலையைச் சொல்லுங்கள். கடும் உழைப்பாளி, எளிமையானவர், பழக இனியவர் என்ற சொற்கள் எல்லா அஞ்சலிகளிலும் வருகின்றன. பெயரை மாற்றினால் அவை வேறு எவருக்கும் அப்படியே பொருந்தும். வேலையைச் சொன்னால் பொருந்தாது. ஃபோகஸ் என்றால் என்ன என்று தெரியாதவருக்கு எண்களோடு சொல்லிப் பாருங்கள். 85 மி.மீ. லென்ஸின் ஒளித்துளையை எஃப் 2 அளவுக்கு அகலமாகத் திறந்து வைத்து, 2 மீட்டர் தூரத்தில் நிற்கும் ஒருவரின் முகத்தைப் படம்பிடித்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ ஐந்தாறு சென்டிமீட்டர்தான். அவையில் இருப்பவர்களை அவரவர் கண்ணிலிருந்து காது வரை விரலால் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், அதைவிடக் குறைவான தூரம் அது. கண் கூர்மையாக இருந்தால் காது மங்கிவிடும். அந்த முகம் அசையாமல் இருந்தால் யாரும் ஃபோகஸ் பிடித்துவிடலாம். ஆனால் நடிகர் பேசிக்கொண்டே முன்னால் வருவார், ஒத்திகையில் நின்ற குறியைத் தாண்டி அரை அடி கூடுதலாக வந்து நிற்பார், எந்த ஒத்திகையிலும் செய்யாதபடி தலையைச் சாய்ப்பார். கேமராவின் பக்கத்தில் நிற்கும் ஒருவர், டேப்பால் அளந்து தரையில் ஒட்டிய குறிகளையும் தன் கண் மதிப்பையும் மட்டும் நம்பி, அந்த ஐந்தாறு சென்டிமீட்டரை முகத்தோடு கூடவே கொண்டுபோக வேண்டும். ஃபிலிம் காலத்தில் வியூஃபைண்டரில் கண் வைத்திருந்தவர் கேமராவை இயக்கியவர். ஃபோகஸ் பிடித்தவர் அந்தப் பிம்பத்தைப் பார்க்காமலே வளையத்தைத் திருப்பினார். தான் செய்தது சரிதானா என்பது, நெகட்டிவ் லேபுக்குப் போய்க் கழுவப்பட்டு, ரஷ் எனப்படும் வெட்டப்படாத முதல் பிரதி திரையில் ஓடும்போதுதான் அவருக்கும் தெரியும். அதுவரை அவர் தூங்கிய இரவுகள் எப்படிப்பட்டவை என்பதை நீங்கள் அருகில் இருந்து பார்த்திருப்பீர்கள்.

இந்த இடத்தில் பழைய ஆட்கள் எல்லோரும் ஒரு வாக்கியத்தைச் சேர்க்க விரும்புவார்கள், நானும் சேர்த்தேன்: இப்போது மானிட்டர் வந்துவிட்டது, வேலை எளிதாகிவிட்டது என்பது. அதைத் தவிர்த்துவிடுங்கள். டிஜிட்டல் கேமராவில் பிம்பத்தைப் பதியும் சென்சார் பெரிதாகி, லென்ஸ்களை முழுவதும் திறந்து வைத்துப் படமெடுக்கும் பழக்கமும் பரவியதில், இன்றைய ஃபோகஸ் புல்லர் கையாளும் ஆழம் பல ஷாட்களில் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. கூட்டத்தில் பின்வரிசையில் நிற்கப்போகும் இளைஞர்கள் உங்கள் நண்பரின் கையால் வேலை கற்றவர்கள், அவர்களைச் சிறுமைப்படுத்தி அவரை உயர்த்த வேண்டியதில்லை.

தொழில்நுட்பத்தைப் பொதுமக்களுக்குச் சொல்லும்போது கருவியின் பெயரில் தொடங்காமல் சிக்கலில் தொடங்கினால் எல்லோரும் கூட வருவார்கள். ஒளிப்பதிவாளர் சுப்ரதோ மித்ராவைப் பற்றிச் சொல்லப்படும் முறை இதற்கு நல்ல முன்மாதிரி. அவர் ஒளிப்பதிவு செய்த, சத்யஜித் ராயின் ‘அபராஜிதோ’ 1956-இல் வெளிவந்தது. அதில் வரும் காசி வீட்டின் முற்றம் காசியில் இல்லை, கல்கத்தா ஸ்டுடியோவுக்குள் போட்ட செட். உண்மையான முற்றத்தில் மேலே திறந்த வானத்திலிருந்து ஒளி நிழலற்று இறங்கும், ஸ்டுடியோ விளக்குகளை நேராக அடித்தாலோ ஒவ்வொரு தூணுக்கும் நாலு நிழல் விழும். மித்ரா செட்டின் மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்குகளைக் கீழிருந்து அந்தத் துணியின் மேல் அடித்து, திரும்பி வரும் ஒளியில் படம்பிடித்தார். இவ்வளவு சொன்னால் போதும், ஒளிப்பதிவு பற்றி எதுவும் அறியாதவரும் அந்தத் துணியை மனத்தில் பார்த்துவிடுவார். இந்த முறையை உலகிலேயே முதலில் கையாண்டவர் அவர்தான் என்று எழுதுபவர்களும் உண்டு. அவர் அந்தச் செட்டில் அதைச் செய்தார் என்பது உறுதியானது, முதலில் செய்தவர் அவரே என்பது வாதத்துக்கு உரியது. ‘முதன்முதலாக’ என்ற சொல்லை எழுதும்போதெல்லாம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் துணியைப் பார்த்து வியக்க முதலிடம் தேவைப்படவில்லை என்பதையும் கவனியுங்கள்.

வேலையைச் சொன்ன பிறகு குணத்தைச் சொல்லலாம். ஆனால் அந்தக் குணம் வேலைக்குள் வெளிப்பட்ட இடத்தைத் தேடுங்கள். என்னைக் கேட்டால், ஒரு ஃபோகஸ் புல்லரின் நேர்மையை அளக்க ஒரே ஓர் இடம் போதும். ஒரு டேக் முடிகிறது. நடிகை உண்மையாகவே அழுதிருக்கிறார், இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து கைதட்டுகிறார், தளத்தில் இருக்கும் எல்லோர் முகத்திலும் அந்த ஷாட் கிடைத்துவிட்ட மகிழ்ச்சி. ஃபிலிம் காலத்தில் இதன் விலையையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்: 400 அடி ரீல், நொடிக்கு 24 ஃபிரேம் வேகத்தில் நாலரை நிமிடத்துக்குள் ஓடித் தீர்ந்துவிடும், 1000 அடி ரீல் ஏறத்தாழ 11 நிமிடம் ஓடும், இன்னொரு டேக் என்றால் இன்னொரு முறை ஃபிலிம் ஓடுகிறது. அந்த நேரத்தில் கேமராவின் பக்கத்தில் நிற்பவர், யாரும் கேட்காமலேயே, ‘எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால் அன்றைக்கு ஒன்றும் நடக்காது. ரஷ் வரும் வரை யாருக்கும் தெரியாது, வந்த பிறகும் சிறிய திரையில் பலருக்குப் பிடிபடாது. என் நண்பர் இருபத்தாறு ஆண்டுகளில் அந்த வாக்கியத்தைச் சொல்லாமல் விட்டதாக எனக்கு நினைவில்லை. அவர் சந்தேகம் என்றவற்றில் பாதிக்கு மேல் ரஷ்ஷில் சரியாகவே இருந்தன, அதற்காகவும் திட்டு வாங்கினார். நான் எழுதிய அஞ்சலியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் பணியாற்றிய படங்களின் பட்டியல் இருந்தது, அவரோடு நின்ற பிரபலங்களின் பெயர்கள் இருந்தன, நிறைய நான் இருந்தேன்.

கூட்டத்தில் செய்த தவறு இதைவிடப் பெரியது. நாங்கள் எடுத்த ஒரு நீண்ட ட்ராலி ஷாட்டில், கேமரா நகர்ந்துகொண்டே வந்து, வாசலைத் தாண்டும் முன் ஒரு கணம் தயங்கி நின்று பிறகு உள்ளே போகும். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டிய தயக்கம் அது. அந்த யோசனை அவருடையது என்று மேடையில் சொன்னேன், அப்படித்தான் நம்பினேன். கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, எங்களோடு நெடுங்காலம் ட்ராலி தள்ளிய முதியவர் அருகில் வந்து, ‘சார், அன்றைக்கு ட்ராலியை நிறுத்தியது நான். தண்டவாளம் சேரும் இடத்தில் சக்கரம் தட்டும் என்று பயந்து மெதுவாக்கினேன். நீங்கள்தான் நன்றாக இருக்கிறது, அப்படியே வையுங்கள் என்றீர்கள்’ என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு தகவலைத் திருத்துவது போலச் சொன்னார். அதைக் கேட்ட பிறகு யோசித்துப் பார்த்தால் என் நினைவில் அந்தக் கணமே தெளிவாக இல்லை. இறந்தவர் மேல் இருந்த அன்பு, உயிரோடு இருந்த ஒருவரின் பங்கை எடுத்து அவருக்குக் கொடுத்துவிட்டது. என் நண்பர் இருந்திருந்தால் முதல் ஆளாக எழுந்து ‘சந்தேகம்’ என்று சொல்லியிருப்பார். கட்டுரை இதழில் வந்தபோது அந்தப் பத்தியை எடுத்துவிட்டு, ட்ராலி தள்ளியவர் சொன்னதை அவர் சொன்னதாகவே சேர்த்தேன்.

ஆகவே எழுத உட்காரும்போது மூன்று விதமான செய்திகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் உங்கள் கண்ணால் பார்த்தவை, அவரே உங்களிடம் சொன்னவை, பிறர் சொல்லி நீங்கள் கேட்டவை. முதலாவதை நேராக எழுதலாம். இரண்டாவதை ‘என்னிடம் சொல்லியிருக்கிறார்’ என்று எழுத வேண்டும். மூன்றாவதைச் சொன்னவரிடமே திரும்பக் கேட்காமல் எழுதக் கூடாது. யார் எதைச் செய்தார் என்பது பெரிய படங்களிலேயே தீராத வழக்காகிவிடுவதுண்டு. 1978-இல் வெளியான ‘டேஸ் ஆஃப் ஹெவன்’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் நெஸ்டர் அல்மென்ட்ரோஸ் ஆஸ்கர் பெற்றார். வேறு படத்துக்காக அவர் இடையில் கிளம்ப வேண்டியிருந்ததால் மீதியை எடுத்துக்கொடுத்தவர் ஹாஸ்கெல் வெக்ஸ்லர், டைட்டிலில் அவருக்குக் கிடைத்தது கூடுதல் ஒளிப்பதிவு என்ற குறிப்புதான். படத்தில் தன் பங்கு எவ்வளவு என்ற மனக்குறை வெக்ஸ்லருக்கு நெடுங்காலம் இருந்தது. விருது வாங்கிய ஒளிப்பதிவாளர்களுக்குள்ளேயே இப்படி என்றால், டைட்டிலில் நொடியில் ஓடி மறையும் உதவியாளர்களின் பங்கைப் பிரித்துச் சொல்வது எவ்வளவு கடினம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1941-இல் வந்த ‘சிட்டிசன் கேன்’ படத்தில் ஆர்சன் வெல்ஸ், இயக்குநராகத் தன் பெயர் வரும் அதே அட்டையில் ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் பெயரையும் போட்டார். பங்கைப் பிரிக்க முடியாத இடத்தில் இருவரையும் சேர்த்தே எழுதிவிடுவதும் ஒரு நேர்மையான வழிதான்.

உவமைப் பட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். ஒளிப்பதிவாளர் பி. கண்ணனைப் ‘பாரதிராஜாவின் கண்கள்’ என்று அழைத்தார்கள். அன்பும் மதிப்பும் நிறைந்த பட்டம், அதில் ஐயமில்லை. ஆனால் கண்ணுக்கு உரியவர் வேறொருவர் என்ற பொருளும் அதற்குள்ளேயே இருக்கிறது. உங்கள் நண்பரை ‘என் வலக்கை’ என்று எழுதத் தோன்றும். எழுதிவிட்டு அடித்துவிடுங்கள். அவருக்கு இரண்டு கைகள் இருந்தன, இரண்டும் அவருடையவை.

நினைவு ஏமாற்றும் என்பதால் ஆவணங்களையும் தேடிப் பாருங்கள். பழைய கேமரா ரிப்போர்ட்டுகள் உங்கள் வீட்டிலோ அவர் வீட்டிலோ கிடந்தால் அவை பெரிய புதையல். எந்த டேக், எத்தனை அடி, எந்த லென்ஸ், எந்தத் துளை அளவு என்று அவர் கையெழுத்திலேயே இருக்கும். அவரே எழுதியவை என்பதால், ஒரு நாளின் தாளை அப்படியே கட்டுரைக்கு நடுவில் அச்சிட்டாலும் தகும். இன்னொன்று, ரஷ்ஷின் தலைப்பகுதி. க்ளாப் அடிப்பது சில இடங்களில் கேமரா உதவியாளரின் வேலை, சில இடங்களில் உதவி இயக்குநருடையது. யார் அடித்தாலும், கேமரா ஓடத் தொடங்கிய பிறகு சாம்பல் அட்டையையோ வண்ண அட்டையையோ லென்ஸுக்கு முன்னால் பிடிக்கும் கை, நடிகரின் கண்ணருகே டேப்பை நீட்டிவிட்டு அவசரமாக விலகும் தோள், ஏதோ ஓர் எண்ணைச் சொல்லும் குரல் என்று உதவியாளர்கள் அந்தச் சில நொடிகளில் படத்துக்குள் வந்து போகிறார்கள். எடிட்டர் முதலில் வெட்டி எறிவது அதைத்தான். உங்கள் படங்களில் ஒன்றின் மூலப் பதிவுகளாவது எங்கேனும் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தால், தயாரிப்பாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, அத்தகைய ஐந்தாறு துண்டுகளைக் கூட்டத்தில் ஓட விடுங்கள். நீங்கள் பேசும் பத்து நிமிடத்தைவிட அது அதிகம் பேசும். க்ளாப் பலகையில் இயக்குநர் பெயரும் ஒளிப்பதிவாளர் பெயரும் இருக்கும், உதவியாளர் பெயருக்கு அங்கே இடமில்லை. 2014-இல் படப்பிடிப்பில் ரயில் மோதி இறந்த கேமரா உதவியாளர் சாரா ஜோன்ஸுக்காக, பல தளங்களில் பணியாளர்கள் தங்கள் க்ளாப் பலகைகளில் அவர் பெயரை எழுதி அஞ்சலி செலுத்தினார்கள். அந்தப் பலகையில் யார் பெயர் எழுதப்படுவதில்லை என்பதை அறிந்தவர்களுக்கு அது எவ்வளவு பொருத்தமான செயல் என்பது புரியும்.

நீங்கள் கேட்காத, ஆனால் எழுதத் தொடங்கிய முதல் வரியிலேயே உங்களை நிறுத்தப்போகும் ஒரு சிக்கல் இருக்கிறது: ‘அவன்’ என்று எழுதுவதா, ‘அவர்’ என்று எழுதுவதா? இருபத்திரண்டு ஆண்டுகள் வாடா போடா என்று பேசிய ஒருவரை ‘அவர்’ என்று எழுதியவுடன், யாரோ ஒரு மூன்றாம் மனிதரைப் பற்றி எழுதுவது போல விரல் தயங்கும். ‘அவன்’ என்று எழுதினால் உங்களுக்கு நெருக்கமாக இருக்கும், அவர் மகளுக்கும் அவரிடம் வேலை கற்ற இளைஞர்களுக்கும் சுருக்கென்று இருக்கும். அதிலும் நீங்கள் ஒளிப்பதிவாளராகவும் அவர் உதவியாளராகவும் இருந்திருந்தால், அந்த ஒருமையில் நட்பு எவ்வளவு, பதவி எவ்வளவு என்று வெளியாருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. நான் கட்டுரை முழுவதும் ‘அவர்’ என்றே எழுதிவிட்டு, நாங்கள் பேசிக்கொண்டதை மேற்கோளாகக் காட்டிய இடங்களில் மட்டும் ‘டா’வை விட்டுவைத்தேன். இரு பக்கமும் ‘டா’ இருந்ததா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் மட்டும் ‘டா’ போட்டு அவர் ‘சார்’ என்று அழைத்திருந்தால், அதை மறைக்காமல் அப்படியே எழுதுவது நல்லது. நட்பு அப்படியும் இருந்திருக்கிறது என்பது உண்மை, அதில் சங்கடம் இருப்பதும் உண்மை.

சண்டைகளைச் சொல்லலாம் என்பது என் எண்ணம், ஆனால் எல்லாவற்றையும் அல்ல. வேலையைப் பற்றிய சண்டை அவரை உயர்த்தவே செய்யும். முன்னறிவிப்பு இல்லாமல் லென்ஸை மாற்றச் சொன்னதற்காக அவர் என்னோடு ஒரு ஷெட்யூல் முழுவதும் எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. தூரத்தையும் துளை அளவையும் மட்டும் சொல்வார், நானும் அவற்றை மட்டும் சொல்வேன், ஷாட்கள் ஒன்றும் கெடவில்லை. இதைச் சொன்னபோது கூட்டத்தில் எல்லோரும் சிரித்தார்கள், அவர் மனைவியும் சிரித்தார். பணம், குடும்பம், உடல்நலம் பற்றிய சண்டைகளுக்கு மறுமொழி சொல்ல அவர் இப்போது இல்லை, அவற்றை விட்டுவிடுங்கள். நீங்கள் அவருக்குச் செய்த தவறு ஏதேனும் இருந்தால் என்ன செய்வது என்பதில் எனக்கு இன்னும் உறுதியான முடிவு இல்லை. மேடையில் மன்னிப்புக் கேட்பது அவரைவிட நம்மைத்தான் எல்லோரும் பார்க்கச் செய்கிறது என்று நினைக்கிறேன். அதை வீட்டாரிடம் தனியாகச் சொல்வது மேல்.

முகம் பாதி மறைந்த அந்தப் புகைப்படத்தைப் போடலாம். வீட்டார் முகம் முழுதாகத் தெரியும் படம்தான் வேண்டும் என்றால் கூட்டத்தில் அதை வையுங்கள், அந்த முடிவு அவர்களுடையது. இதழில் நீங்கள் சொன்ன படமே வரட்டும். பாதி முகம் மறைந்திருந்தாலும் கை தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள். தெரிந்தால், ‘நினைவாக’ என்ற சொல்லை விட்டுவிட்டு, அந்தக் கை எந்த லென்ஸின் வளையத்தைப் பிடித்திருக்கிறது, எதிரே எத்தனை அடி தூரத்தில் யார் நின்றுகொண்டிருந்தார், அது எத்தனையாவது டேக் என்பதைப் படத்துக்குக் கீழே ஒரு வரியில் எழுதுங்கள். கேமரா ரிப்போர்ட் கிடைத்தால் அந்த எண்களும் அதில் இருக்கும்.